ஊருக்குக் கொடுப்பது: அப்பா பெயரில் தனி அறக்கட்டளையா, ஊர்ப் பொது நிதியா?

நான் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் அறையில் உள்ள இரும்பு பீரோவில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வங்கி வைப்புத்தொகை ரசீது இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மறைந்தபோது அவருடைய குடும்பத்தார் 1984-இல் ₹5,000 கொடுத்து, அதன் வட்டியை மேல்நிலை வகுப்பின் தட்டச்சுப் பாடத்தில் முதல் மதிப்பெண் பெறும் மாணவருக்கு ஆண்டுதோறும் பரிசாக வழங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். சில ஆண்டுகள் பரிசு வழங்கப்பட்டது. பிறகு தட்டச்சுப் பிரிவே பள்ளியில் இல்லாமல் போயிற்று. வட்டி அசலோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. அதை எடுத்து ஒரு மாணவிக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கக்கூட யாருக்கும் துணிவில்லை, ஏனெனில் எழுதிக் கொடுத்தவர்கள் தட்டச்சு என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்கும்போதெல்லாம் அந்த ரசீதுதான் நினைவுக்கு வருகிறது. அவர்கள் முன் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. தேவைப்படுபவரிடம் நேரடியாகக் கொடுக்கலாம். அரசுத் திட்டம் ஒன்றில் பங்களிப்பாகச் செலுத்தலாம். குடும்பப் பெயரில் தனி அறக்கட்டளை தொடங்கலாம். பலர் சேர்ந்து நடத்தும் ஊர்ப் பொது அறக்கட்டளையின் மூலநிதியில் சேர்க்கலாம்.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரிக் கட்டணத்துக்கு நாளை கடைசி நாள் என்றால் அறங்காவலர் கூட்டம் கூடும்வரை காத்திருக்க முடியாது. பணம் அன்றே போய்ச் சேர வேண்டும். ஆனால் இவ்வகை உதவி கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கும், கேட்கக் கூசுபவருக்குக் கிடைக்காது. கொடுத்தவர் ஊர் மாறினாலோ இறந்தாலோ அதோடு நின்றும் போகும்.

இரண்டாவது வழிக்கு ஒரு பெரிய கவர்ச்சி உண்டு. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும் என்பதால், ₹1 லட்சம் கொடுப்பவர் ₹3 லட்சத்துக்கான வேலையைத் தன் தெருவில் பார்க்க முடியும். 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டத்தில், தாம் படித்த அரசுப் பள்ளியையே தேர்ந்தெடுத்துப் பணம் அனுப்பலாம். வகுப்பறை, சுற்றுச்சுவர், கழிப்பறை போன்றவற்றுக்கு இவற்றைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தாயில்லாத பிள்ளையின் விடுதிக் கட்டணத்தையோ, முதியவர் ஒருவரின் மாத மருந்துச் செலவையோ மதிப்பீட்டில் எழுத முடியாது.

உண்மையான போட்டி மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில்தான். அப்பா பெயரில் ஓர் அறக்கட்டளை என்ற ஆசையில் தவறில்லை. ஆனால் அதன் கணக்கைப் பெரும்பாலானோர் போட்டுப் பார்ப்பதில்லை. ₹10 லட்சத்தை மூலநிதியாக வைத்து 7 சதவீத வட்டி வந்தால் ஆண்டுக்கு ₹70,000 கிடைக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவதோடு வேலை முடிவதில்லை. பான் எண், வரி விலக்குக்காக வருமான வரித் துறையில் பதிவு, கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்கத் தனி ஒப்புதல், அவற்றைக் காலம் தவறாமல் புதுப்பித்தல், ஆண்டறிக்கை, கணக்குத் தாக்கல் என்று அடுத்தடுத்து வரும். ஆடிட்டருக்கும் அலைச்சலுக்குமாக ₹20,000 போகிறது என்று வைத்துக்கொண்டால், வட்டியில் கால் பங்குக்கும் மேல் அறத்துக்கு முன்பே செலவாகிவிடுகிறது. பத்துக் குடும்பங்கள் ஆளுக்கு ₹10 லட்சத்தை ஒரே அறக்கட்டளையில் போட்டால், செலவு இரு மடங்காகி ₹40,000 ஆனாலும், ஒரு குடும்பத்தின் தலையில் விழுவது ₹4,000 மட்டுமே. ஒவ்வொரு குடும்பத்தின் தொகையையும் அவரவர் பெயரில் தனிக் கணக்காகக் காட்டலாம் என்பதால், அப்பா பெயரும் எங்கும் போய்விடாது.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் வாரிசு. தொடங்கியவர் இருக்கும்வரை தனி அறக்கட்டளை நன்றாகவே நடக்கும். அடுத்த தலைமுறையில் ஒருவர் பெங்களூருவிலும் இன்னொருவர் நியூஜெர்சியிலும் இருக்க, வங்கியில் கையெழுத்து மாற்றுவதற்கே ஓர் ஆண்டு ஆகும். நோக்கம் காலாவதியாகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். குடும்பப் பெயரில் இருந்தாலும், பொது நன்மைக்கான அறக்கட்டளையின் நோக்கத்தை அறங்காவலர்கள் விருப்பம்போல் மாற்றிவிட முடியாது. பத்திரத்தில் அதற்கு இடம் விடப்படாவிட்டால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம்தான் போக வேண்டும். ₹70,000 வட்டிக்காக யார் வழக்குப் போடுவார்கள்?

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வங்கித் தலைவராக இருந்த ஃபிரெடரிக் காஃப் இதே தொல்லையைத்தான் பார்த்தார். இறந்தவர்கள் உயிலில் எழுதி வைத்த நிபந்தனைகள் நகரத்தின் தேவையோடு ஒட்டாமல் போய்ப் பணம் முடங்கிக் கிடப்பதைக் கண்ட அவர், பல கொடையாளர்களின் நிதியை ஒரே இடத்தில் சேர்த்து, நோக்கம் பயனற்றுப்போனால் அதை மாற்றும் அதிகாரத்தை நகரத்தார் குழு ஒன்றிடம் ஒப்படைக்கும் அமைப்பை 1914-இல் உருவாக்கினார். சமுதாய அறக்கட்டளை என்று இன்று சொல்லப்படும் வடிவம் அங்கிருந்து பரவியது. மும்பையில் 1991-இல் இவ்வகையில் ஒன்று தொடங்கப்பட்டது.

நிலைத்த முதல் என்பது நமக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றின்படி, கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடப்பட்டன. பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வளர்ந்து நிற்கும் என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். ஆனால் இன்றைய ஆடு அவ்வளவு சுலபமாகக் குட்டி போடுவதில்லை. வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். நிபந்தனையின்றித் தேக்கி வைக்கக்கூடியது 15 சதவீதம். ஆகவே ₹1 கோடி மூலநிதிக்கு ₹7 லட்சம் வட்டி வந்தால், அசலோடு சேர்க்க முடிவது ஏறத்தாழ ₹1 லட்சம். விலைவாசி அதைவிட வேகமாக ஏறும். புதிய கொடையாளர்கள் தொடர்ந்து சேர்ந்தால்தான் அசலின் மதிப்பு நிற்கும். தனிக் குடும்ப அறக்கட்டளைக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு என்பதால் இந்த விதி அதைத்தான் அதிகமாகப் பாதிக்கிறது.

வரிக்கழிவை நினைத்துத் தேர்வு செய்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். ₹2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு இந்த நன்கொடைக் கழிவே கிடையாது. வெளிநாட்டுப் பணத்தை நம்புபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பும் பணம் அந்நியப் பங்களிப்பாகவே, அதாவது மத்திய அரசின் தனி அனுமதியோடுதான் அறக்கட்டளை பெறக்கூடிய பணமாகவே, கருதப்படும். இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்புவது அப்படிக் கருதப்படாது. எனவே சித்தப்பா கனடாவிலிருந்து அனுப்புவார் என்று நம்பி மூலநிதி திட்டமிடுபவர்கள், சித்தப்பாவின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் பொது நிதியே மேல் என்று நான் சொல்லிவிடுவேன், ஒன்றைத் தவிர. காஃப் எண்ணிய நகரத்தார் குழு நம் ஊரில் யார்? ஊர் என்று நாம் சொல்லும்போது பல இடங்களில் காலனி அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. ஊர்ப் பொது என்ற பெயரில் நான்கு தெருக்காரர்கள், அதிலும் ஒரே வகையறா, அறங்காவலராக அமர்ந்துவிட்டால், நோக்கத்தை மாற்றும் அதிகாரமே ஆபத்தாகிவிடும். கல்வி உதவிக்கு வந்த தொகை கும்பாபிஷேகத்துக்குத் திரும்புவதைத் தடுக்க ஆளிருக்காது. தனி அறக்கட்டளையில் இறந்தவரின் பிடிவாதம் தடை என்றால், இங்கே உயிரோடு இருப்பவரின் செல்வாக்கு தடை. எனவே மூலநிதி எவ்வளவு என்று கேட்பதற்கு முன் அறங்காவலர் பட்டியலையும், கடந்த மூன்று ஆண்டுகளில் உதவி பெற்றவர்களின் தெருக்களையும் கேட்க வேண்டும்.

எங்கள் ஊரில் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து இப்படியொரு அறக்கட்டளையைப் பதிவு செய்யப் போனபோது, வரைவுப் பத்திரத்தில் ஒன்பது பெயர்கள் இருந்தன. ஒன்பதும் ஆண்கள், ஒன்பதும் தேரோடும் வீதிகளைச் சேர்ந்தவர்கள். நான் என் பங்கை நிறுத்தி வைத்தேன். சிலருக்கு வருத்தம், கொடுக்க மனமில்லாதவன் சாக்குச் சொல்கிறான் என்றும் ஒருவர் பேசினார். நான்கு மாதம் கழித்து வந்த திருத்திய வரைவில் காலனியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரும், அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அறங்காவலரில் முக்கால்வாசிப் பேர் எழுத்தில் ஒப்பினால் பயனற்றுப்போன நோக்கத்துக்கு மிக நெருங்கிய வேறொரு நோக்கத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற பிரிவும் இருந்தது. தை மாதம் பத்திரம் பதிவானது. மறுநாள் என் பங்கைக் காசோலையாக அனுப்பிவிட்டேன்.