முகவரிகளை மேப்பில் போட்டுத் தரச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் கவனம்

மட்டக்களப்பு டவுனில் சின்னப் பாமசி ஒன்று நடத்துகிறேன். நடமாட முடியாதவர்களுக்கு மாத மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். மொத்தம் 640 வீடு. புதிதாக வேலைக்கு வரும் பெடியன்களுக்கு இடம் தெரியாது என்பதால், எல்லா முகவரிகளையும் மேப்பில் புள்ளியாக்கித் தரும்படி கொம்பியூட்டர் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் கொடுத்தேன். யாரென்று சொல்லப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், இன்னொருவர் ஏமாறக் கூடாது.

கூலி 40,000 ரூபாய். ‘கூகுளுக்குக் கட்டின காசு’ என்று மேலும் 18,000. ஒரு கிழமையில் எக்ஸல் ஃபைல் வந்தது. மேப்பைத் திறந்தால் டவுன் நிறையச் சிவப்புப் புள்ளிகள். நம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் பின்னேரம், மகிழடித்தீவில் ஒரு அம்மாவுக்கு இன்சுலின் போக வேண்டியிருந்தது. புதுப் பெடியன் ஐஸ் பெட்டியோடு போனான். கொஞ்ச நேரத்தில் கோல் வந்தது: “அக்கா, மேப் வாவிக்குள்ள இறங்கச் சொல்லுது. நான் கரையில நிக்கிறன்.” அவன் நின்றது புளியந்தீவில். மகிழடித்தீவு வாவிக்கு அந்தப் பக்கம், மேற்கே படுவான்கரையில், மண்முனைப் பாலம் கடந்து போக வேண்டிய ஊர். வழி கேட்டுக் கேட்டு அவன் போய்ச் சேர இருட்டிவிட்டது. அதற்குள் அந்த அம்மா இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டார். “இன்னும் வரல்லியே மகள்” என்ற அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது.

அன்றிரவு, வந்தாறுமூலையில் படிக்கும் என் அக்காவின் மகள் ஃபைலை வாங்கிப் பார்த்தாள். ஃபைலில் ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில், அது மேப்பில் எங்கே என்று சொல்லும் அகலாங்கும் நெட்டாங்கும் தசம எண்ணாக இருக்கும். அவள் முதலில் பார்த்தது அந்த எண்களில் தசமப் புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் இருக்கிறது என்பதை. சில வரிகளில் 7 இலக்கம். மற்ற வரிகளில் 14, 15. கூகுள் வழமையாக 7 இலக்கத்தோடுதான் தரும், 14 என்றால் பிறகு யாரோ கணக்குப் பண்ணிக் கூட்டியிருக்கிறார்கள் என்றாள். அதே முகவரிகளைத் தானே ஒருமுறை கூகுளில் ஓடவிட்டாள். 402 முகவரிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில புள்ளிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. வீடு கிடைக்காததால் ஊரின் நடு, ஊரும் கிடைக்காவிட்டால் டவுனின் நடு. இதைக் கூகுள் ஒளிப்பதில்லை. ஒவ்வொரு பதிலோடும் ‘லொகேஷன் டைப்’ என்று ஒன்று வருகிறது. ‘ரூஃப்டொப்’ என்றால் வீடே கிடைத்துவிட்டது, ‘அப்ரொக்சிமேட்’ என்றால் உத்தேசம். முகவரியில் பாதிதான் பொருந்தியது என்றால் ‘பார்ஷியல் மெட்ச்’ என்றும் சொல்லும். எனக்கு வந்த ஃபைலில் அந்த இரண்டு நிரல்களுமே இல்லை.

தம்பியிடம் கேட்டேன். “எல்லாம் ஒரே இடத்தில குவிஞ்சா வடிவில்லை அக்கா, அதுதான் கொஞ்சம் பிரிச்சுவிட்டன்.” மூன்றாம் தசம இலக்கத்தில் ஒன்று மாறினாலே நிலத்தில் 110 மீற்றர் தள்ளிப் போகும். சுற்றிவர வாவி உள்ள டவுனில் புள்ளிகளை அப்படிச் சிதறினால் சில தண்ணீரில்தான் விழும்.

எங்கள் முகவரிகள் கஷ்டமானவை, அது உண்மை. ஊருக்கு ஊர் ஒரு பிள்ளையார் கோயில் வீதி. மகிழடித்தீவை ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஜி’ போட்டு எழுதுவார், ஒருவர் ‘எச்’, ஒருவர் ‘கே’. கிடைக்காதது அவருடைய பிழையே இல்லை. “402 கிடைக்கல்ல அக்கா” என்று சொல்லியிருந்தால் பேசின காசை முழுதாகவே கொடுத்திருப்பேன்.

18,000க்கு வருகிறேன். முகவரியைப் புள்ளியாக்கும் சேவைக்கு, மாதம் 10,000 தரம் கேட்கும் வரை கூகுள் காசு எடுப்பதில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது மேப்பில் முகவரி தேடித் தரும் நொமினாட்டிமும் இலவசம், செக்கனுக்கு ஒன்றுக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அதன் விதி. அந்த வேகத்தில் 640 முகவரிக்கு 11 நிமிடம் போதும். ரசீது கேட்டேன், வரவில்லை.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்தால், லொகேஷன் டைப் நிரல் இல்லாத ஃபைலை வாங்காதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இருபது வீடுகளை, அதில் பாதி படுவான்கரையில் இருக்கும்படி எடுத்து, நீங்களே மேப்பில் பாருங்கள். அதற்குப் பிறகு காசைக் கொடுங்கள்.

நாங்கள் இப்போது மருந்து கொடுக்கப் போகும்போது படலையடியில் நின்று லொகேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பதிகிறோம். 5 தசம இலக்கம் போதும், ஐந்தாம் இலக்கத்தில் ஒன்று என்பது நிலத்தில் ஒரு மீற்றர் அளவுதான். இதுவரை 290 வீடு முடிந்தது.

நான் செய்த பெரிய பிழை வேறு. முகவரியை மட்டும் பிரித்துக் கொடுக்காமல், பெயர், போன் நம்பர், என்ன மருந்து என்பது வரை இருந்த முழு ஃபைலையும் அப்படியே அனுப்பிவிட்டேன். வரிசை இலக்கமும் முகவரியும் போதுமாயிருந்தது. அதை அழிக்கச் சொல்லி மூன்று தரம் எழுதிவிட்டேன். மெசேஜில் நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில் இல்லை. அந்த 640 வீடுகளுக்கும் இதைச் சொல்ல வேண்டியது நான்தான். நேற்றிலிருந்து ஒவ்வொருவராக எடுத்துச் சொல்லி வருகிறேன்.