‘எல்லா காலிபருக்கும் பொருந்தும்’ கிளீனிங் கிட்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

.22 ரைஃபிள் வைத்திருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் தங்க நிறப் பெட்டியில், பேரலை (துப்பாக்கிக் குழலை) உள்ளே துடைக்க ஒரு கிளீனிங் கிட் விற்கிறார்கள். மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும் ராட், ஏழு பிரஷ், ஒரு சின்ன புட்டியில் திரவம். பெட்டியின் மேல் ‘எல்லா காலிபருக்கும் பொருந்தும்’, அதாவது எந்தக் குழல் விட்டத்துக்கும் சரிவரும் என்று பெரிய எழுத்து. விலை 2,850 ரூபாய். அதை வாங்கி என் பேரலின் வாயைக் கெடுத்துவிட்டேன். போட்டிக்கு அப்போது மூன்றே வாரம் இருந்தது.

என் பழைய ராட் வளைந்துவிட்டதால் அவசரமாக வேறு தேட வேண்டியிருந்தது. ஆர்டர் போடும் முன் விற்பவரிடம் போனில் பேசினேன். “பிரஷ் எல்லாம் அசல் ப்ரான்ஸ் சார். நம்ம ஷூட்டர்ஸ் நிறைய பேர் இதைத்தான் வாங்குறாங்க” என்றார். ராட் நீளம் போதுமா என்று கேட்டதற்கு, “முன்பக்கமா விட்டு இழுத்தா போதும் சார், பயப்படாதீங்க” என்று பதில் வந்தது. அங்கேயே நான் போனை வைத்திருக்க வேண்டும்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது முதலில் சொல்லிக்கொடுத்ததே இதுதான். பேரலைப் பின்னால் மூடும் போல்ட்டைக் கழற்று, புல் த்ரூ எனும் துடைக்கும் கயிற்றின் எடையைச் சேம்பர் (தோட்டா அமரும் பின்பகுதி) பக்கமிருந்து இறக்கு, அதில் மாட்டிய ‘சிந்தி’ எனும் துண்டுத் துணியை நேராக இழு, கயிறு பேரலின் வாய் விளிம்பில் உரசக் கூடாது. வெறும் கயிறு கூட நாளடைவில் அந்த விளிம்பைத் தேய்த்துவிடும் என்பதால்தான் அவ்வளவு கண்டிப்பு. கயிற்றுக்கே அப்படி என்றால் உலோக ராடுக்கு என்ன சொல்வது?

பெட்டி வந்ததும் மூன்று துண்டையும் மாட்டி அளந்தேன். 78 செ.மீ. என் பேரல் மட்டுமே 69 செ.மீ., பின்னால் போல்ட் ஓடும் ரிசீவரையும் சேர்த்தால் 90-ஐத் தொடும். ஆக, பின்பக்கமிருந்து விட்டால் பிரஷ் வாய் வரை போய்ச் சேரவே சேராது. அவர் சொன்னபடி முன்பக்கமாக விட்டேன், நாலைந்து முறை. ஒவ்வொரு முறையும் ராடின் இணைப்பு உள்ளே நுழையும்போது லேசாகக் ‘கிளிக்’ என்று ஒரு தட்டு கையில் தெரிந்தது. துண்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் படியவில்லை. இணைப்பில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு படி இருந்தது.

அடுத்த ஞாயிறு ரேஞ்சில், எப்போதும் சுடும் அதே லாட் (ஒரே தொகுப்பில் தயாரான) தோட்டா. முன்பெல்லாம் ரெஸ்டில் (தாங்கியில்) வைத்துச் சுட்டால் 50 மீட்டரில் பத்துத் தோட்டாவும் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும். அன்று தீப்பெட்டியை வைத்து மூடினாலும் மறையவில்லை. இலக்கில் பத்தின் வட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். இவ்வளவு சிதறினால் என்ன செய்ய முடியும்? காற்று என்று நினைத்தேன், ஸ்கோப் என்று நினைத்தேன். கிளப்பில் ஆயுதங்களைப் பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற ஹவில்தார் அண்ணன்தான் பேரலை விளக்குக்கு நேராகப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். “தம்பி, க்ரௌன்ல கீழ்ப்பக்கம் தேஞ்சிருக்கு. எதைப் போட்டு இழுத்தீங்க?” என்றார்.

க்ரௌன் என்பது தோட்டா பேரலைக் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் விளிம்பு. அது சுற்றிலும் ஒரே சீராக இருந்தால்தான் பின்னால் வரும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வெளியேறும். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அந்த வழியாக வாயு முந்திக்கொண்டு தோட்டாவின் அடியைச் சாய்த்துவிடும்.

அண்ணன் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அலமாரிக் கதவில் இருந்த காந்தத்தை எடுத்து ‘அசல் ப்ரான்ஸ்’ பிரஷின் மயிர் நுனியில் காட்டினார். பச்சென்று ஒட்டிக்கொண்டது. எஃகுக் கம்பிக்கு மேலே வெறும் மஞ்சள் முலாம். நல்ல பிரஷிலும் நடுவில் முறுக்கிய கம்பி எஃகாக இருக்கலாம், அதனால் நடுவில் வைத்துப் பார்க்காதீர்கள். மயிர் நுனியில் ஒட்டினால் அது உங்கள் பேரலுக்குள் போகக் கூடாத பொருள்.

புட்டியில் இருந்தது செப்புக் கறை நீக்கும் அம்மோனியா திரவம். நாம் சுடும் .22 மேட்ச் தோட்டா மெழுகு பூசிய வெறும் ஈயம். செப்பு உறையே கிடையாது. நமக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அப்புறம் ப்ரான்ஸ் பிரஷையும் அரித்துவிடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம்” என்று ஒரே வரி. காந்தம் ஒட்டும் வீடியோவை அனுப்பினேன், என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள். 2,850 போனதில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. பேரலை லைசென்ஸ் உள்ள ஆளிடம் கொடுத்து வாயைச் சில மில்லிமீட்டர் வெட்டி க்ரௌனைப் புதிதாக எடுக்க வேண்டி வந்தது. போட்டியை விட்டுவிட்டேன். ஒரு வருடப் பயிற்சி.

இப்போது வைத்திருப்பது ஒரே துண்டான, மேலே பூச்சு போட்ட எஃகு ராட், 91 செ.மீ. கார்பன் ஃபைபரும் நல்லதுதான். அலுமினியம் வேண்டாம், மென்மையான உலோகம், மண்துகளைத் தன்மேல் பதித்துக்கொண்டு அரம் மாதிரி தேய்க்கும். கைப்பிடியில் பேரிங் இருக்கிறதா என்று பாருங்கள். ராட் பேரலுக்குள் சுருளாக ஓடும் வரியோடு சேர்ந்து தானாகச் சுழல வேண்டும். போல்ட் இருந்த இடத்தில் செருகி ராடை நேராக விடும் குழாயான போர் கைடு இல்லாமல் நான் இனி ராடைத் தொடுவதில்லை. மரை விஷயத்தில் மட்டும் கவனம்: ஒரு கம்பெனியின் பிரஷ் இன்னொன்றின் ராடில் ஏறாமல் போகலாம், கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான நாள் எனக்கு ஈரத் துணி இரண்டு, காய்ந்த துணி இரண்டு போதுமாக இருக்கிறது. பிரஷ் எப்போதாவதுதான்.

ஏர் ரைஃபிள் சுடும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பெட்டியின் பக்கமே போக வேண்டாம். 4.5 மி.மீ. ஃபெல்ட் துண்டுகள் போதும். திரவம் உள்ளே போனால் சீல்கள் கெடும்.

அதே தங்கப் பெட்டி எங்கள் கிளப்பிலேயே இன்னும் இரண்டு பேரிடம் இருப்பது போன வாரம்தான் தெரிந்தது. உங்களிடமும் இருந்தால், அடுத்த முறை பேரலைத் துடைக்கும் முன் ஒரு காந்தத்தை எடுத்து அந்தப் பிரஷின் நுனியில் வைத்துப் பாருங்கள்.