கைபேசி மட்டும்தான் வழியா? இணைய வங்கியின் இரண்டாம் பூட்டு: ஓர் ஒப்பீடு

இணையவழி வங்கிக் கணக்கைக் காக்கக் கடவுச்சொல் மட்டும் போதாது, அதோடு இன்னொரு சான்றும் வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த இன்னொரு சான்று எதுவாக இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். பெரும்பாலான வங்கிகள் அதைக் கைபேசி என்றே முடிவு செய்துவிட்டன. வாடிக்கையாளர் தம் சொந்தச் செலவில் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் கருவி அது என்பதால், வங்கி எதையும் தயாரித்துத் தபாலில் அனுப்பவோ பழுதானால் மாற்றித் தரவோ வேண்டியதில்லை. இந்தத் தேர்வில் பாதுகாப்புக்கு எவ்வளவு பங்கு உண்டோ, சிக்கனத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே மற்ற முறைகளோடு இதை ஒப்பிட வேண்டும்.

ஒப்பிடுவதற்கு மூன்று கேள்விகள் போதும். வாடிக்கையாளர் போலித் தளத்தில் ஏமாந்து நின்றாலும் இந்த முறை தாங்குமா? யாருக்கு, எவ்வளவு பணம் போகிறது என்பதோடு இந்தச் சான்று பிணைக்கப்பட்டிருக்கிறதா? கருவி தொலைந்தாலோ, அதை வாங்க முடியாதவராக ஒருவர் இருந்தாலோ அவர் தம் பணத்தை எப்படி எடுப்பார்? பாதுகாப்பு வல்லுநர்கள் முதல் கேள்வியைப் பற்றியே நிறையப் பேசுகிறார்கள். என் பார்வையில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் இந்த முறைகளைத் தரம் பிரித்துக் காட்டுகின்றன.

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியிலிருந்து தொடங்கலாம். இதற்கு ஸ்மார்ட்போன் வேண்டாம், பழைய பட்டன் போன் போதும், தனியாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. இதன் பலம் இதோடு முடிந்துவிடுகிறது. பலவீனங்களோ வரிசையாக நிற்கின்றன. ஓடிபி உங்கள் கைபேசிக்கு வருகிறது என்று சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் அது உங்கள் எண்ணுக்கு வருகிறது. அந்த எண்ணோ தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது. அந்நிறுவனத்தின் ஊழியர் ஒருவரை ஏமாற்றியோ விலைக்கு வாங்கியோ உங்கள் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிவிட்டால், உங்கள் போனில் சிக்னல் மறைந்த சில நிமிடங்களில் ஓடிபி எல்லாம் வேறொருவர் கைக்குப் போய்ச் சேரும். சிம்மைத் தொடாமலும் இதைச் செய்யலாம். தொலைபேசி வலையமைப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற நெறிமுறை, நிறுவனங்கள் ஒன்றையொன்று நம்பியிருந்த 1970களில் உருவானது. செய்தி அனுப்பியவர் யார் என்று அது சரிபார்ப்பதில்லை. 2017இல் ஜெர்மனியில் இந்த ஓட்டையைப் பயன்படுத்தி எஸ்எம்எஸ்களைத் திசைதிருப்பி, வாடிக்கையாளர்களின் வங்கிக் கணக்குகளிலிருந்து பணத்தைத் திருடினார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், தொலைபேசி வழியே வரும் குறியெண்களைக் ‘கட்டுப்படுத்தப்பட்ட’ சான்று என்று வகைப்படுத்தியது. அபாயத்தை அறிந்து, மாற்று வழி ஒன்றையும் வைத்துக்கொண்டு பயன்படுத்த வேண்டியது என்பதே அதன் பொருள்.

ஆனால் நடைமுறையில் பெரும்பாலான திருட்டுகளுக்கு இவ்வளவு நுட்பம் தேவைப்படுவதில்லை. வங்கியின் தளத்தைப் போலவே இருக்கும் ஒரு போலித் தளத்தில் வாடிக்கையாளர் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்கிறார். அந்த நொடியே மறுமுனையில் இருப்பவர் அவற்றை உண்மையான தளத்தில் போடுகிறார். வங்கி ஓடிபி அனுப்புகிறது. அது உண்மையான வங்கியிடமிருந்து உண்மையாகவே வந்த செய்தி என்பதால் வாடிக்கையாளருக்கு ஐயம் எழ வழியே இல்லை. ஆறு இலக்கங்களையும் போலித் தளத்தில் இடுகிறார். மொத்தமும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஓடிபி எவ்வளவு நேரம் செல்லும், எத்தனை இலக்கம் என்பதெல்லாம் இங்கே எந்தப் பயனும் தருவதில்லை. செய்தியிலேயே தொகையையும் பெறுபவரின் விவரத்தையும் சேர்த்து அனுப்பும் வங்கிகள் உண்டு. அது நல்ல வழக்கம். ஆனால் அவசரத்தில் இருப்பவரின் கண் நேரே எண்ணைத்தான் தேடும்.

கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்ற செயலிகள் 30 நொடிக்கு ஒருமுறை மாற்றிக் காட்டும் குறியெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் பொதுத் தரமாக வெளியான இந்த முறைக்குச் சிக்னல் தேவையில்லை, சிம் மாற்று மோசடியும் இதைத் தொடாது. ஆனால் மேலே சொன்ன போலித் தள வித்தை இதிலும் அப்படியே பலிக்கும். தொகையைப் பற்றியோ பெறுபவரைப் பற்றியோ இந்தக் குறியெண்ணுக்கு எதுவும் தெரியாது. மின்னஞ்சலைக் காக்க இது நல்ல முறை. பணம் அனுப்புவதற்கு ஒப்புதல் தர ஏற்றதன்று.

வங்கிகள் இப்போது வாடிக்கையாளரைத் தள்ளிக்கொண்டு போகும் இடம் வங்கியின் சொந்தச் செயலி. பாதுகாப்பில் இது எஸ்எம்எஸ்ஸைவிட மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒப்புதலுக்கான ரகசியச் சாவி கைபேசியின் பாதுகாப்புச் சில்லுக்குள் இருக்கிறது. எண்ணை மாற்றினாலும் சாவி நகராது. “இன்னாருக்கு இவ்வளவு அனுப்பலாமா?” என்று திரையில் கேட்டுவிட்டே ஒப்புதல் வாங்குகிறது. 2019 செப்டம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த விதிகள் இதைத்தான் கட்டாயமாக்கின: இணையவழிப் பணப் பரிமாற்றத்துக்கான சான்று, குறிப்பிட்ட தொகையோடும் குறிப்பிட்ட பெறுநரோடும் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும்; இரண்டில் ஒன்று மாறினாலும் அது செல்லாமல் போக வேண்டும். சிங்கப்பூரிலும் 2024 ஜூலையில் மத்திய வங்கியும் வங்கிகளின் சங்கமும் சேர்ந்து, செயலிக்குள்ளேயே இயங்கும் ஒப்புதல் சாவியான டிஜிட்டல் டோக்கன் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் கணக்கில் நுழைய ஓடிபி கேட்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தன.

இருந்தாலும் செயலி முறையில் இரண்டு விரிசல்கள் உள்ளன. வங்கிகள் இவற்றைப் பற்றிப் பேசுவதே இல்லை. முதலாவது, கைபேசியிலேயே வங்கிச் செயலியைத் திறந்து, அதே கைபேசியிலேயே ஒப்புதலும் தருவது. இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு இரண்டு சாவியையும் ஒரே கொத்தில் மாட்டித் தெருவில் தூக்கிக்கொண்டு நடப்பதற்குச் சமம் இது. பின் நம்பரைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனைப் பறித்துக்கொண்டு ஓடுபவருக்கு எல்லாமே ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. திரையைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் தீங்குநிரல் புகுந்துவிட்டால், திரையில் தெரியும் தொகையையும் பெயரையும்கூட முழுமையாக நம்ப முடியாது.

இரண்டாவது விரிசல் இன்னும் ஆழமானது. புதிய கைபேசி வாங்கும்போது செயலியை மறுபடி பதிவு செய்ய வேண்டும் அல்லவா? அந்தப் பதிவை வங்கி எதைக் கொண்டு உறுதி செய்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் விடை எஸ்எம்எஸ் ஓடிபிதான். அப்படியானால் உங்கள் எண்ணைக் கைப்பற்றியவர் தம் சொந்தக் கைபேசியில் உங்கள் செயலியைப் பதிவு செய்துகொண்டு, சில்லுக்குள் பத்திரமாக இருக்கும் உங்கள் சாவியைச் சீண்டாமலேயே புதிய சாவி ஒன்றை உருவாக்கிக்கொள்ள முடியும். வாசலில் எவ்வளவு கனமான கதவு இருந்தாலும் மறுபதிவுதான் கொல்லைப்புறம். கிளைக்கு நேரில் வரச் சொல்லும் வங்கி, கார்டையும் பின் நம்பரையும் கேட்கும் வங்கி, புதிய கருவியில் முதல் ஒரு நாளுக்குப் பெரிய தொகைகளை நிறுத்தி வைக்கும் வங்கி ஆகியவை நமக்கு எரிச்சலூட்டினாலும் இந்தக் கொல்லைப்புறத்தைக் கவனித்திருக்கின்றன என்று பொருள்.

இதற்கு நேர் எதிரான முறை கார்டு ரீடர். உள்ளங்கையில் அடங்கும், கால்குலேட்டர் போன்ற, இணையத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத கருவி அது. ஜெர்மன் வங்கிகள் சிப்டான் என்ற பெயரில் தரும் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். பணம் அனுப்பும் விவரங்களைக் கணினியில் இட்டதும் திரையில் ஐந்து கட்டங்கள் கறுப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டத் தொடங்கும். வங்கி அட்டையைக் கருவியில் செருகி, அந்தக் கட்டங்களுக்கு நேராகப் பிடித்தால், கருவியின் பின்புறத்தில் உள்ள ஒளியுணரிகள் அந்தச் சிமிட்டலைப் படித்துக்கொள்ளும். பிறகு கருவியின் சின்னஞ்சிறு திரையில் பெறுபவரின் கணக்கு எண்ணும் தொகையும் தோன்றும். ஒவ்வொன்றையும் பார்த்து ‘சரி’ என்று அழுத்தினால்தான் கடைசியில் குறியெண் வரும். அந்தக் குறியெண்ணை அட்டையில் உள்ள சில்லு, தொகையையும் கணக்கு எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தருகிறது. கணினி முழுவதும் தீங்குநிரலின் பிடியில் இருந்து, திரையில் உங்கள் நண்பரின் கணக்கு எண்ணைக் காட்டிக்கொண்டே வங்கிக்கு வேறு எண்ணை அனுப்பினாலும், அந்த வேறு எண் இந்தச் சிறு திரையில் வந்து நின்று காட்டிக் கொடுத்துவிடும். புதிய கருவிகள் சிமிட்டலுக்குப் பதிலாக க்யூஆர் குறியீட்டைப் படிக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறொன்று. ரகசியம் அட்டையில் இருக்கிறதே தவிரக் கருவியில் இல்லை. கருவி உடைந்தால் அதே முறையில் இயங்கும் இன்னொருவரின் கருவியில் உங்கள் அட்டையைச் செருகி வேலையை முடித்துக்கொள்ளலாம். சிக்னல், ரோமிங், இயங்குதளப் புதுப்பிப்பு, செயலிக் கடையில் கணக்கு என எதுவும் தேவையில்லை.

குறையே இல்லாத முறை என்று இதையும் சொல்ல முடியாது. பல பரிமாற்றங்களை ஒரு கட்டாக அனுப்பும்போது சிறு திரை மொத்தத் தொகையையும் எண்ணிக்கையையும் மட்டும் காட்டினால், உள்ளே உள்ள கணக்கு எண்களை மாற்றிவிட இடம் உண்டு. பிரிட்டனில் வங்கிகள் தந்த, பின் நம்பர் கேட்கும் ரீடர்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் ஒரு விபரீதத்தைச் சுட்டிக்காட்டினார்கள்: வழிப்பறிக்காரர் அட்டையைப் பறித்துப் பின் நம்பரைச் சொல்லச் சொல்லி மிரட்டும்போது, சொன்னது சரியான எண்தானா என்பதை ஏடிஎம்முக்குப் போகாமல் அந்த இடத்திலேயே இந்த ரீடரில் சரிபார்த்துக்கொள்ள முடியும். தவிர, கருவியைப் பையில் சுமந்து திரிவது தொல்லை; அன்றாடம் சிறு தொகை அனுப்புபவருக்கு இது ஒத்துவராது.

அட்டை இல்லாமல் தானே எண் காட்டும் டோக்கன்கள் ஒரு காலத்தில் நிறுவனக் கணக்குகளில் பரவலாக இருந்தன. 2011இல் அவற்றைத் தயாரித்த ஆர்எஸ்ஏ நிறுவனத்துக்குள்ளேயே ஊடுருவல் நடந்து, அந்நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு டோக்கன்களை மாற்றித் தர முன்வர வேண்டியதாயிற்று. எல்லாப் பூட்டுகளுக்குமான ரகசியத்தைத் தயாரிப்பாளர் ஒருவரே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பது அன்று தெரிந்தது. அச்சிட்ட காகிதத்தில் எண் பட்டியல் தந்த முறையோ, தொகையோடு பிணைக்க முடியாது என்பதால் ஐரோப்பாவில் 2019 விதிகளோடு வழக்கொழிந்தது. அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை.

கணினியில் செருகும் யுஎஸ்பி பாதுகாப்புச் சாவிகளும், அதே வகைச் சாவியைக் கைபேசியிலோ கணினியிலோ சேமித்து வைக்கும் பாஸ்கீகளும் முதல் கேள்விக்கு மிகச் சிறந்த விடையைத் தருகின்றன. இவற்றுக்கு அடிப்படையான வெப்ஆத்தென் தரம் 2019 மார்ச்சில் ஏற்கப்பட்டது. தளத்தின் முகவரியைக் கண்ணால் பார்த்து ஏமாறுவது மனிதர்தானே தவிரச் சாவி இல்லை. பதிவு செய்த முகவரி அல்லாத தளத்துக்கு அது விடையே சொல்லாது. தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இத்தகைய சாவிகளைக் கட்டாயமாக்கிய பிறகு யாருடைய அலுவலகக் கணக்கும் போலித் தளத்தால் பறிபோகவில்லை என்று கூகுள் 2018இல் தெரிவித்தது. ஆனால் சாவிக்குத் திரை கிடையாது. உள்ளே நுழைபவர் நீங்கள்தான் என்று அது உறுதி செய்யும். எவ்வளவு, யாருக்கு என்பதை அது உங்களுக்குக் காட்டாது. கணக்கில் நுழைவதற்கு இதைவிடச் சிறந்தது இல்லை, பணம் அனுப்புவதற்குக் கார்டு ரீடரே மேல் என்பது என் கணிப்பு. பாஸ்கீயைக் கிளவுடில் ஒத்திசைத்து வைப்பவர், தம் வங்கிக் கணக்கின் பாதுகாப்பைத் தம் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கின் பாதுகாப்போடு முடிச்சுப் போட்டுவிட்டார் என்பதையும் உணர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியில்தான் கைபேசியை மட்டும் நம்பும் வங்கிகள் தோற்கின்றன. ஸ்மார்ட்போன் இல்லாதவர், பார்வைக் குறைபாடு உள்ளவர், வீட்டில் ஒரே போனைப் பலர் பகிர்ந்துகொள்பவர், பணியிடத்துக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லாதவர், இயங்குதளத்துக்குப் புதுப்பிப்பு நின்றுபோன பழைய கருவியை வைத்திருப்பவர் எனப் பட்டியல் நீளும். இவர்களுக்காகத் தனி வழி அமைப்பது இயலாத காரியமன்று. டென்மார்க்கின் தேசிய அடையாள முறையான மிட்ஐடி செயலியைத்தான் முன்னிறுத்துகிறது. இருந்தும் செயலி வேண்டாதவர்களுக்கு எண் காட்டும் சிறு கருவியும், பார்வை குறைந்தவர்களுக்கு எண்ணை வாய்விட்டுப் படிக்கும் கருவியும் அதில் உண்டு. ஒரு நாடு முழுவதற்கும் இது சாத்தியம் என்றால் ஒரு வங்கிக்குச் சாத்தியம் இல்லை என்பதை ஏற்பதற்கில்லை.

வங்கி அதிகாரி போலவோ காவல் துறை போலவோ பேசி வாடிக்கையாளரையே பணம் அனுப்ப வைக்கும் மோசடியை மேலே சொன்ன எந்த முறையும் தடுக்காது. அங்கே தொகையும் பெறுநரும் திரையில் காட்டியபடியே இருக்கும், ஒப்புதல் தருபவரும் உண்மையானவர். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்தவர்களுக்குப் பெரும்பாலான சூழல்களில் வங்கிகளே 85,000 பவுண்டு வரை ஈடுகட்ட வேண்டும் என்று விதி வந்தது. இழப்பு தங்கள் தலையில் விழும் என்றால் வங்கிகள் பரிமாற்றங்களைக் கண்காணிப்பதில் காட்டும் அக்கறையே தனி.

ஆகவே கணக்கின் இயல்பைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பதே உசிதம். அன்றாடச் செலவுக்கான கணக்குக்கு வங்கிச் செயலி போதும். அதில் ஒரு நாளுக்கான உச்சவரம்பைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். சேமிப்பு மொத்தமும் இருக்கும் கணக்குக்கு, கார்டு ரீடர் தரும் வங்கி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுத்து, அந்தக் கணக்கைக் கைபேசியில் திறக்காமலேயே வைத்திருப்பது நல்லது. எஸ்எம்எஸ் ஓடிபியைத் தவிர வேறு வழியில்லை என்று வங்கி சொன்னால், சிம் மாற்றுவதற்குத் தனிப் பின் நம்பர் வைக்கும் வசதி தொலைபேசி நிறுவனத்தில் இருக்கிறதா என்று கேட்டு அதைப் போட்டுவிடுங்கள். எண்ணை மாற்றும்போது முதலில் வங்கிக்குச் சொல்லிவிட்டுப் பிறகே பழைய எண்ணைக் கைவிடுங்கள். கைவிட்ட எண்ணை நிறுவனங்கள் சில மாதங்களில் வேறொருவருக்கு ஒதுக்கிவிடுவதுண்டு, உங்கள் ஓடிபியும் அவருக்கே போகும்.