மாட்டாஸ்பத்திரியா, தனியார் கிளினிக்கா, கல்லூரி மருத்துவமனையா? தருமபுரி, கிருஷ்ணகிரியில் நாய், பூனைக்கு எங்கே போவது

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு நான்கு வழிகள் உண்டு. அரசு கால்நடை மருத்துவமனை, அதாவது மாட்டாஸ்பத்திரி. டவுனில் ஒரே டாக்டர் நடத்தும் கிளினிக். ஓசூர், சேலம், பெங்களூரு போன்ற ஊர்களில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் வைத்திருக்கும் பெரிய கிளினிக். கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இவற்றில் எது சிறந்தது என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. வந்திருக்கும் நோயை வைத்துத்தான் சொல்ல முடியும்.

தடுப்பூசியில் தொடங்கலாம். வெறிநாய்க்கடி தடுப்பூசிக்கு மாட்டாஸ்பத்திரியே போதும். ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டி இலவச முகாம்களும் நடத்துவார்கள். பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வாந்தி, வயிற்றுப்போக்கு நோய்), டிஸ்டெம்பர் (இன்னொரு வைரஸ் நோய்) எல்லாம் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசிதான் சிக்கல். அரசு மருத்துவமனையில் அது இல்லையென்றால் கடையில் வாங்கி வரச் சொல்வார்கள். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. சித்திரை வெயிலில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தால் அதன் வீரியம் போய்விடும். ஊசி போட்டும் பார்வோ வந்துவிட்டது என்று வருந்துபவர்கள் பலருக்கு இதுவே காரணமாக இருந்திருக்கும். இன்னொரு காரணம், குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் ஒரு ஊசி போட்டதோடு நிறுத்திவிடுவது. 3, 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டு, கடைசி ஊசி 16 வாரத்தில் விழ வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை முதல் ஊசிகள் முழுதாக வேலை செய்யாது. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதம் முடிந்ததும்.

ஆகவே கூட்டுத் தடுப்பூசிக்கு, மின்சாரம் போனாலும் ஓடும் பிரிட்ஜ் வைத்திருக்கும் தனியார் கிளினிக்கைப் பாருங்கள். கட்டியாக உலர்ந்த மருந்துக் குப்பியை உங்கள் கண்முன்னே திறந்து, திரவம் கலந்து, உடனே போட வேண்டும். குப்பியில் உள்ள ஸ்டிக்கரை நாயின் புத்தகத்தில் ஒட்டி, டாக்டர் தன் பதிவு எண்ணுடன் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு எண் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கால்நடை ஆய்வாளர் வேறு, பட்டம் பெற்று கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த டாக்டர் வேறு. வீட்டுக்கு வந்து ஊசி போடுபவர் இவர்களில் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது உண்ணிக் காய்ச்சல். ஒரு கிளினிக்கின் தரம் இங்கேதான் வெளிப்படும். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்து வந்தால் காதோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவர் ஒரு ரகம். காய்ச்சல் ஊசியும் ஸ்டீராய்டும் போட்டு அனுப்புபவர் இன்னொரு ரகம். இரண்டாமவரிடம் போன நாய் மறுநாள் எழுந்து நடக்கும், பத்து நாளில் மூக்கில் ரத்தம் வடிந்தபடி திரும்பி வரும். உண்ணி கடித்துப் பரவும் ரத்தக் கிருமிகளில் எர்லிக்கியா ஒன்று, பேபீசியா இன்னொன்று. எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை சுமார் 28 நாள் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நன்றாகச் சாப்பிடுகிறதே என்று நிறுத்தினால் நோய் உள்ளேயே தங்கிவிடும். பேபீசியாவாக இருந்தால் அந்த மாத்திரை மட்டும் போதாது, மருந்தே வேறு. ரத்தம் பார்க்காமல் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. மைக்ரோஸ்கோப் இல்லாத இடத்துக்கு உண்ணிக் காய்ச்சலோடு போக வேண்டாம்.

பூச்சிமருந்து விஷத்தில் கதை தலைகீழ். பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளித் தோட்டங்களிலும் மாந்தோப்புகளிலும் மருந்தடித்த நாளில் நாய் வாயில் நுரை தள்ளி, கண்மணி சுருங்கி, உடல் துடித்தால் பெரிய கிளினிக்கைத் தேடி ஓடக் கூடாது. பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்கே போங்கள். மாடுகளுக்கு இதே விஷத்தை முறித்துப் பழகிய கைகள் அங்கே இருக்கின்றன. இதற்கான அட்ரோபின் ஊசியும் சாதாரணமானதுதான். மருந்து டப்பாவையோ லேபிளையோ கையோடு எடுத்துப் போங்கள். பாம்புக்கடிக்கு மட்டும், விஷமுறிவு மருந்து இருப்பு உண்டா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் வந்தால் கொட்டையை முழுங்கும் நாய்களும் வரும். விடாத வாந்தி, மலம் வராமை, வயிற்றைத் தொட்டால் வலி. மாங்கொட்டை சாதாரண எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமல் போகலாம், ஸ்கேன் தேவைப்படும். வாந்தி நிற்க ஊசி போட்டு மூன்று நாள் பார்ப்பதற்குள் குடல் அழுகிவிடும். கொட்டை முழுங்கியது தெரிந்தால் ஸ்கேனும் ஆபரேஷன் தியேட்டரும் உள்ள இடத்துக்கு நேரே போங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீராகக் குடித்து, சோர்ந்து கிடந்தாலும் இதே வழிதான். அது கருப்பையில் சீழ் கோத்ததாக இருக்கலாம்.

கருத்தடை ஆபரேஷனை வசதியுள்ள அரசு மருத்துவமனையிலும் நன்றாகவே செய்கிறார்கள். இளம் வயது, ஆரோக்கியமான நாட்டு நாய் என்றால் அங்கேயே செய்யலாம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் வயதான நாய்க்கும் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, வாயு மயக்கம் கொடுக்கும் இடமே நல்லது. ஊசி மயக்கத்தை இடையில் குறைக்க முடியாது, வாயுவைக் குறைக்கலாம்.

பார்வோ குட்டியைக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். தினமும் குளுக்கோஸ் ஏற்ற வேண்டிய குட்டியை ஐந்து நாள் தொப்பூர் கணவாய் தாண்டிக் கொண்டுபோய் வருவது அதன் உயிரைக் குடிக்கும். வயிற்றுப்போக்கு நாய்களைத் தனியே வைக்கும் உள்ளூர் கிளினிக்கே இதற்குச் சரி. அப்படித் தனியிடம் இல்லாத கிளினிக்கில் தடுப்பூசிக்குப் போகும் குட்டியைத் தரையில் விடாதீர்கள், அந்தக் கிருமி மாதக்கணக்கில் தரையில் உயிரோடிருக்கும். எலும்பு, கண், ஆறாத தோல்நோய், புற்றுநோய்க் கட்டி என்றால் கல்லூரிதான். தருமபுரி, அரூர்க்காரர்களுக்கு நாமக்கல், ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு ஹெப்பால் கிட்டம். பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்ச் சேருங்கள்.

பூனைக்குத் தனிக் கணக்கு. மாட்டையும் நாயையும் நன்றாகப் பார்க்கும் டாக்டர் பூனையில் தடுமாறலாம். பாரசிட்டமால் பூனையைக் கொல்லும். நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் அப்படியே. டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதும்போது, "பின்னாலேயே 5 மில்லி தண்ணீர் புகட்டுங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும்" என்று சொல்பவர் பூனை அறிந்தவர். ஆண் பூனை மண்தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்து சிறுநீர் வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடைப்பை எடுக்க, பூனைக்கான மெல்லிய கதீட்டர் குழாய் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

அந்த நேரத்தில் கதவு திறக்கும் இடம் எது என்பதுதான் இங்கே பெரிய குறை. 1962 எண்ணுக்குப் போன் செய்தால் வரும் அரசு கால்நடை மருத்துவ வண்டி முதன்மையாக ஆடு மாடுகளுக்கானது, இரவில் அதை நம்பி இருக்க முடியாது. வழக்கமாகப் போகும் டாக்டரிடம், இரவு பத்து மணிக்கு மேல் போன் எடுப்பாரா, எடுக்காவிட்டால் யாரிடம் போகச் சொல்வார் என்று நாய் நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். அவர் சொல்லும் இடத்தின் எண்ணை வீட்டில் எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்.