சின்தசைசரில் உரப்புத் திருத்தம்: சூத்திரமா, வளைகோடா, அளவீடா?

சின்தசைசரில் 100 ஹெர்ட்ஸ் சைன் அலையையும் (ஒரே அதிர்வெண் மட்டும் கொண்ட தூய ஒலி) 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையையும் ஒரே வீச்சில் எழுப்பினால், முதலாவது காதுக்கு மிக மெலிதாகவே கேட்கும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகள் (ஒரே உரப்பாக, அதாவது காதுக்கு ஒரே சத்தமாகக் கேட்க ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் தேவைப்படும் ஒலியளவைக் காட்டும் கோடுகள்) இவ்வேறுபாட்டை எண்களில் காட்டின. அதை ஈடுகட்ட இன்று சில வழிகள் இருக்கின்றன.

மிக எளியது, சூப்பர்கொலைடர் என்ற ஒலியாக்க மென்பொருளில் அதிர்வெண்ணைப் பார்த்து வீச்சைத் திருத்தும் ஆம்ப்காம்ப். சுரம் ஒரு ஸ்தாயி ஏறும்தோறும் ஏறத்தாழ 2 டெசிபல் குறைப்பதே அதன் இயல்பான விதி. கணினிக்குச் சுமையே இல்லை. ஆனால் 3000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை மிகக் கூர்மையாகக் கேட்கும் காது, அதற்கு மேல் மந்தமாகிறது. இச்சூத்திரமோ அங்கும் குறைத்துக்கொண்டே போகிறது.

வளைகோட்டைப் பின்பற்றும் வழிகள் இதைவிட நுட்பமானவை. பழைய 40 ஃபான் (உரப்பின் அலகு) கோட்டிலிருந்து வந்த, ஒலிமானிகள் பயன்படுத்தும் ஏ-எடையிடல் 100 ஹெர்ட்ஸுக்கு 19 டெசிபல் ஈடு கேட்கிறது. சம உரப்பு வளைகோடுகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 226-இன் 2003-ஆம் ஆண்டுப் பதிப்போ அதே 40 ஃபானுக்கு 24 டெசிபல் கேட்கிறது. இந்த முரண்கூடப் பெரிதல்ல. ஒலி உரக்க உரக்க வளைகோடு தட்டையாகிவிடுவதால், கேட்பவர் வால்யூமைத் திருப்பிய கணமே திருத்தம் பிசகிவிடுகிறது என்பதுதான் உண்மையான சிக்கல். முழு ஈட்டையும் கொடுத்தால் அடிச்சுரங்களே ஒலிபெருக்கியின் திறனைத் தின்றுவிடும் என்பதால், பாதியளவோடு நிறுத்துவதே நல்லது.

இவையெல்லாம் சைன் அலைக்குத்தான் பொருந்தும். 55 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ரம்பப்பல் வடிவ அலையின் உரப்பைப் பெரும்பாலும் அதன் மேற்சுரங்களே (அடிச்சுரத்தின் மடங்குகளாக உடன் ஒலிக்கும் அதிர்வெண்கள்) சுமக்கின்றன. அடிச்சுரத்தின் அதிர்வெண்ணை மட்டும் பார்த்து வீச்சை ஏற்றினால் காது கூசும். இங்கே அளவீடே கைகொடுக்கிறது. ஒலிபரப்புக்காக உருவான, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐடியு பிஎஸ்.1770 முறை, கே-எடையிட்ட (காதின் இயல்புக்கேற்ப வடிகட்டிய) ஒலியின் ஆற்றலை எல்யூஎஃப்எஸ் என்ற உரப்பு அலகில் தருகிறது. ஒவ்வொரு சுரத்தையும் முன்கூட்டியே பதிவுசெய்து, அளந்து, ஈட்டெண்களை அட்டவணையாக வைத்துக்கொண்டால், ஃபில்டரை (மேற்சுரங்களை வெட்டும் வடிகட்டி) ஒரே நிலையில் வைத்திருக்கும்வரை அது நன்றாகவே வேலை செய்யும். ஃபில்டரைத் திறந்து மூடும் இசைக்கோ மேற்சுரங்களே மாறிவிடுவதால் அட்டவணை பயன்படாது.

ஆனால் கே-எடையிடல் 100 ஹெர்ட்ஸில் ஓரிரு டெசிபலே குறைப்பதால், தனிச் சைன் அலையின் மெலிவை அது கிட்டத்தட்டக் கண்டுகொள்வதில்லை. அதன் அளவீட்டுத் துண்டு 400 மில்லிவினாடி நீளமாதலால், சட்டென மறையும் தாள ஒலிகளுக்கும் அது ஒத்துவராது. அவற்றைக் காதால் கேட்டே சரிசெய்ய வேண்டும்.