பழைய கன்டெய்னரா, பஃப் பேனல் கேபினா?

சென்னையில் மணலி, மாதவரம் பக்கம் காலி மனையில் சட்டென்று ஓர் அறை போட, பழைய சரக்குக் கன்டெய்னர் அல்லது இரு தகடுகளுக்கு நடுவே பஃப் என்கிற பாலியூரிதேன் நுரை வைத்த பலகைகளால் ஆன கேபின், இந்த இரண்டில் ஒன்றைத்தான் பார்ப்பார்கள். மொட்டை மாடிக்கு என்றால் கன்டெய்னரை மறந்துவிடுங்கள். 20 அடி காலிப் பெட்டியே 2 டன்னுக்கு மேல்.

பழைய கன்டெய்னரில் புதுப் பெயின்ட்டைக் கண்டு மயங்க வேண்டாம். பகலில் உள்ளே நின்று கதவை மூடச் சொல்லுங்கள். கூரையில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே ஒழுகும். அப்புறம் குனிந்து அடிச்சட்டங்களைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்டால் துரு தின்றிருக்கிறது. எண்ணூர் உப்புக்காற்றில் பல காலம் கிடந்த பெட்டி என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். தரைப் பிளைவுட்டில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். கதவிலுள்ள தகட்டில் அந்த விவரமும் தயாரிப்புத் தேதியும் இருக்கும். படுத்துத் தூங்குகிற இடமென்றால் அந்தத் தரையை மாற்றிவிடுவதே நல்லது.

கேபினில் கோளாறு மூட்டுகளில்தான். ஸ்குரூ தலைகளில் துரு, பிளந்த சிலிக்கான், பலகை உட்காருகிற அடிச் சேனலில் தேங்கும் தண்ணீர் ஆகியவற்றைப் பாருங்கள். சுவிட்ச் பெட்டியைக் கழற்றச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: வெள்ளை மணிமணியாக இருந்தால் தெர்மாகோல், இளமஞ்சளாக நெருக்கமாக இருந்தால் பஃப். பஃப் விலை சொல்லித் தெர்மாகோலைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு.

சித்திரை வெயிலுக்கு வெறும் கன்டெய்னர் அடுப்புதான். குடியிருக்கக் கேபின், சாமான் போடக் கன்டெய்னர் என்பேன். எதுவானாலும் மழைத்தண்ணீர் நிற்கிற மனையில் முதலில் மேடை கட்டிவிட்டு கிரேனைக் கூப்பிடுங்கள்.