திருகோணமலையில் குங்குமப்பூ வாங்கப் போகிறவர்களுக்கு: நாக்கில் வைத்தது வேறு, பெட்டியில் வந்தது வேறு

31 வருஷம் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பித்தவன் நான். அமிலம் எது, காரம் எது என்று பிள்ளைகளுக்கு நிறம் மாற்றிக் காட்டின அதே கையால் 7,000 ரூபா எண்ணிக் கொடுத்து, சாயம் தோய்த்த நாரை வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. மனுசி "இதையெல்லாம் ஊருக்குச் சொல்லுவியளோ" என்று கேட்டாள். ஆனால் சித்திரை பிறந்தால் புரட்டாதி மட்டும் திருகோணமலைக் கடல் அமைதியாய்க் கிடக்கும், நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் சனம் அள்ளுப்படும். அந்தக் கடையும் அப்படியே திறந்துதான் இருக்கும்.

கடையின் பெயரோ தெருவோ எழுதப்போவதில்லை. அதே வரிசையில் இருக்கிற வேறு ஒரு கடையில் கறுவாவும் மிளகும் வாங்கினோம், அருமையான சாமான். பெயரில்லாமல் தெருவை மட்டும் சொன்னால் அந்த மனிசனின் வியாபாரமும் சேர்ந்து படுத்துவிடும்.

நாங்கள் போனது கோணேசரைக் கும்பிட. மனுசியின் தங்கச்சியின் மகளுக்கு இது ஏழாம் மாதம். "திருகோணமலையில வெளிநாட்டுச் சனம் வாற இடத்தில நல்ல குங்குமப்பூ கிடைக்குமாம், வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று தங்கச்சி சொல்லிவிட்டிருந்தாள். குங்குமப்பூக் குடித்தால் பிள்ளை சிவப்பாய்ப் பிறக்கும் என்ற கதையை நான் ஒருநாளும் நம்பினதில்லை. பிள்ளையின் நிறம் தாய் தகப்பனிடமிருந்து வருவது, பால் கோப்பையிலிருந்து வருவதில்லை. அதைச் சொல்லப்போய் வீட்டில் வாங்கிக்கட்டியிருக்கிறேன், ஆகையால் வாயை மூடிக்கொண்டு போனேன்.

கோயிலால் இறங்கி, கோட்டைக்குள் மான்களுக்கு நடுவே நடந்து வந்து, கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்க் குளித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டவுனுக்குள் சுற்றும்போதுதான் அந்தக் கடை கண்ணில் பட்டது. சின்னக் கடை. வாசலில் கறுவாப்பட்டை, சாதிக்காய், கராம்பு எல்லாம் சாக்கு வாயைச் சுருட்டி வைத்து அழகாய் அடுக்கியிருந்தது. ஆங்கிலத்தில் ஒரு பலகை: குங்குமப்பூச் சுவைத்துப் பார்க்கலாம், இலவசம்.

உள்ளே ஒரு வெள்ளைக்காரச் சோடி இருந்தது. கடைக்காரர் அவர்களிடம் "சிலோன் சாஃப்ரன், சிலோன் சாஃப்ரன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த இடத்திலேயே நான் எழும்பி வந்திருக்க வேணும். குங்குமப்பூ இலங்கையில் விளைகிற பயிரில்லை. ஈரானில் விளைகிறது, உலகத்துச் சரக்கில் பெரும்பங்கு அங்கிருந்துதான். காஷ்மீரில் பாம்பூர்ப் பக்கம் விளைகிறது. குளிரும் வறட்சியும் மாறி மாறி வேண்டிய செடி அது, திருகோணமலை வெயிலில் கிழங்கே வெந்துபோகும். ஆனால் எனக்கு என்ன ஓடியதென்றால், எங்கட நாட்டு ஆங்கிலத்தில் பழைய ஆட்கள் மஞ்சளைத்தானே சாஃப்ரன் என்று சொல்லுவார்கள், இந்த மனிசனும் மஞ்சளைத்தான் சொல்கிறார் போல என்று நானே அவருக்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துக் கொடுத்தேன். 2020இல் மஞ்சள் இறக்குமதியை மறித்து, விலை ஏறி, கடல் வழியாய் மஞ்சள் மூட்டை கடத்திக்கொண்டு வந்த காலத்தைப் பார்த்த எங்களுக்கு, மஞ்சளை வெள்ளைக்காரனுக்கு நல்ல விலைக்கு விற்பது ஒரு பெரிய குற்றமாய்ப் படவில்லை.

அவர்கள் போனதும் எங்களிடம் திரும்பினார். "வாங்கோ சேர், இருங்கோ அம்மா. கோயிலுக்குப் போட்டு வாறியளோ?" நெற்றித் திருநீற்றைக் கண்டிருப்பார். நான் வாத்தியார் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியாது, முதல் சொல்லே சேர். எங்களுக்கு அது காஷ்மீர்க் குங்குமப்பூவாய் மாறிவிட்டது. அரை மணித்தியாலத்துக்குள் ஒரே சாமானுக்கு இரண்டு ஊர்!

சுவைத்துப் பார்க்கிற அந்த நிகழ்ச்சியைச் சும்மா சொல்லக்கூடாது, நன்றாய்த்தான் செய்தார். பித்தளைத் தட்டு, இரண்டு கண்ணாடிக் கிளாஸ், இளஞ்சூட்டுத் தண்ணி. தகரப் பேணியொன்றைத் திறந்து நாலைந்து இழையை எடுத்து ஒரு கிளாசுக்குள் போட்டார். "பொறுங்கோ சேர், அவசரப்படாது." உண்மையாகவே அவசரப்படவில்லை. தேத்தண்ணி வந்தது, குடித்தோம், கதைத்தோம். பத்து நிமிஷம் போகத் தண்ணி மெல்ல மெல்லப் பொன் மஞ்சளாய் மாறியது. இழை மட்டும் சிவப்பாய் அப்படியே கிடந்தது. ஒரு இழையை நாக்கில் வைக்கச் சொன்னார். மணம் தேன் மாதிரி, காய்ந்த வைக்கோல் மாதிரி, உருசி கைப்பு. அதுதான் சரி. நிறத்துக்குக் குரோசின், கைப்புக்குப் பிக்குரோகுரோசின், மணத்துக்குச் சஃப்ரனால் என்று மூன்று பொருள் அதற்குள் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் ஐ.எஸ்.ஓ. 3632 நியமப்படி தரம் பிரிக்கிறபோதும் இந்த மூன்றையும்தான் அளக்கிறார்கள். இதை நான் அவருக்கு விளக்கப்படுத்த, அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். படிப்பித்தவனுக்கு ஒரு நல்ல மாணவன் கிடைத்தால் காணும், மற்றதெல்லாம் மறந்துபோகும்.

பிறகு அவரே சொன்னார்: "போலிச் சரக்கென்றால் சேர், போட்ட உடனே தண்ணி சிவந்துபோடும். இழை வெளுத்துப்போடும். வாயில இனிக்கும். அப்படியானதை ஒருநாளும் வாங்கிப்போடாதேங்கோ." தன்னைப் பிடிக்கிற பொறியைத் தன் கையாலேயே எனக்குத் தந்த கள்ளனை நான் இப்போதுதான் காண்கிறேன்.

மனுசியின் உள்ளங்கையிலும் நாலு இழை வைத்தார், "கோயில் பிரசாதம் மாதிரி வைச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்று. அவள் அதைத் திருநீற்றுப் பொட்டலத்துக்குள் போட்டு மடித்துக்கொண்டாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை ஒரு கிராம் 2,400 சொன்னார். மலிவாய்ச் சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 150 பூ வேணும், ஒரு பூவில் மூன்றே மூன்று சிவப்பு இழை, அதையும் விடியக் காலையில் கையால்தான் கிள்ளவேணும். ஆகையால் மலிவென்றால் போலி என்பது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, இந்த விலை நியாயம்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். விலை உண்மையாய் இருந்தால் சரக்கும் உண்மையாய் இருக்கும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தேனோ! மூன்று கிராம், பேரம் பேசி 7,000க்கு முடிந்தது.

பேணியை நோக்கிக் கையை நீட்டினேன். "ஐயோ சேர், இது திறந்த பேணி, எல்லாரும் திறந்து பார்த்து ஈரம் பிடிச்சது. உங்களுக்குப் புதுசு எடுத்துத் தாறன்." ஒரு பெடியன் திரைக்குப் பின்னால் போய் மூன்று வட்டப் பெட்டி கொண்டுவந்தான். சின்னது, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டினது, மேலே ஊதாப் பூப் படம். "பயணத்தில பிரிக்காதேங்கோ, வீட்ட போய்ப் பிரியுங்கோ. கடற்காத்துப் பட்டால் மணம் போடும்." ஈரம் பட்டால் பழுதாகும் என்பது உண்மைதான். உண்மையோடு உண்மையாய்ப் பொய்யையும் கட்டிக் கொடுத்தார்.

வங்கி அட்டை எடுக்கிற மெஷினுக்கு அன்றைக்குச் சிக்னல் இல்லை. பெடியன் என்னோடு ஏ.ரி.எம். வரை நடந்து வந்தான். பில் கேட்டேன், பில் புத்தகம் முடிந்துபோச்சாம். ஒரு துண்டில் "சாமான் 7000" என்று எழுதித் தந்தார், திகதியும் இல்லை, கடை முத்திரையும் இல்லை. கோயிலுக்குப் போய் வந்த மனதோடு அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன்.

யாழ்ப்பாணம் வந்த அன்று இரவே மனுசி பால் காய்ச்சினாள். ஆறவிட்டு, முதல் பெட்டியைப் பிரித்து, ஒரு சிட்டிகை போட்டாள். கண் மூடித் திறக்கமுதல் பால் சிவந்தது. பொன்னும் இல்லை, மஞ்சளும் இல்லை. கோயில் திருவிழாவில் விற்கிற சர்பத்து நிறம். "இஞ்சாருங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டாள். நான் போய்ப் பார்க்கும்போது இழையெல்லாம் வெளுத்து, தும்புத்தடியில் உதிர்ந்த தும்பு மாதிரி மிதந்தது.

அப்போதுதான் அவளுக்குத் திருநீற்றுப் பொட்டலம் ஞாபகம் வந்தது. இரண்டு கிளாஸில் இளஞ்சூட்டுத் தண்ணி எடுத்து, ஒன்றில் பொட்டலத்து இழை, மற்றதில் பெட்டி இழை. திருநீறு கரைந்து முதல் கிளாஸ் கொஞ்சம் கலங்கினது. ஆனாலும் பத்து நிமிஷத்தில் அந்தப் பழைய பொன் நிறம் மெல்ல இறங்கியது. இரண்டாவது கிளாஸ் போட்ட கணமே சிவப்பு. பூதக்கண்ணாடியால் பார்த்தால், நல்ல இழையின் ஒரு முனை குழல்வாய் மாதிரி விரிந்து ஓரம் பிசிறாய் இருந்தது. பெட்டிச் சரக்குக்கு அப்படி முனையே இல்லை, கத்தரித்த நார். சோளக்கதிர் நாராய் இருக்கலாம், அல்லது குசும்பப்பூ இதழைக் கிழித்ததாய் இருக்கலாம். இரண்டுமே இந்த வேலைக்குப் பேர்போனவை. நாக்கில் வைத்தேன். கைப்பு மருந்துக்கும் இல்லை, மெல்லிய இனிப்பு. பாரம் கூடுவதற்குச் சீனிப்பாணியில் தோய்ப்பதும் உண்டு.

பழைய பழக்கத்தில் வடிதாளையும் கீற்றாய் வெட்டி, அடியில் ஒரு பொட்டு வைத்து, உப்புத் தண்ணிக்குள் நிறுத்தினேன். சிவப்பு ஒரு உயரத்திலும் மஞ்சள் வேறொரு உயரத்திலும் பிரிந்து ஏறி நின்றது: இரண்டு சாயம் கலந்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டுகிற பரிசோதனை. என்ன சாயம் என்று சமையலறையில் இருந்து சொல்ல முடியாது. சாப்பாட்டில் போடக்கூடிய சாயமோ, துணிக்குப் போடுகிற சாயமோ. எனக்குக் காசைவிட அதுதான் உறைத்தது. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி நாளுக்கு ஒரு கோப்பை என்று இதைக் குடித்திருப்பாள்.

சொப்பின் பையில் இருந்த நம்பருக்கு எடுத்தேன். முதல் தடவை எடுத்தார். "பாலைக் கூடச் சூடாக்கிப்போட்டியள் சேர், அதுதான் நிறம் உடன இறங்கினது." தண்ணியிலும் பார்த்தேன் என்று சொல்ல, "வாடிக்கையாளர் வந்திட்டினம், பிறகு எடுக்கிறன்" என்றார். பிறகு என்பது இன்னும் வரவில்லை. என்னிடம் படித்த ஒரு பெடியன் இப்போது திருகோணமலையில் வேலை. அவனை அனுப்பினேன். கடைக்காரர் என் பெட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்கட பெட்டியே இல்லை தம்பி, எங்க பில்?" என்று கேட்டாராம். பில் புத்தகம் ஏன் அன்றைக்கு முடிந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லி, எழுத்திலும் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். பில் கேட்டால் வியாபாரி கொடுக்கத்தான் வேணும் என்பது சட்டம். நான் கேட்டேன், அவர் சொன்ன சாட்டை ஏற்றுக்கொண்டு வந்தது என் பிழை. அந்தப் பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, விலாசம் இல்லை, எந்த நாடு என்று இல்லை, காலாவதித் திகதி இல்லை. காஷ்மீர்க் குங்குமப்பூவுக்கு 2020இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ச் சரக்குத்தான் என்று காட்டுகிற அடையாளம், கிடைத்தது, அந்த அடையாளமும் இல்லை. இருந்தது ஒரு பூப் படம். வேறு நேரமென்றால் ஒரு பிஸ்கற் பக்கற்றையே திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

போகிறவர்கள் போங்கள், சுவைத்தும் பாருங்கள். ஆனால் எந்தப் பேணியில் இருந்து நாக்குக்கு வந்ததோ அதே பேணியில் இருந்து கண்முன்னே நிறுத்துத் தரச் சொல்லுங்கள். ஈரம் பிடித்தது என்றால் பிடித்ததையே தாருங்கோ என்று சொல்லுங்கள். பெட்டியாய்த்தான் தருவார்கள் என்றால் அங்கேயே ஒன்றைப் பிரித்து, அவருடைய கிளாசிலேயே, அவருடைய தண்ணியிலேயே இரண்டு இழையைப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிஷம் அவருடைய தேத்தண்ணியைக் குடிக்க நேரம் இருந்ததல்லவா? காசு அதற்குப் பிறகு.

பிரிக்காத இரண்டு பெட்டியையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன். ரேப்பை யாரும் தொடவேண்டாம் என்று வீட்டில் சொல்லியாயிற்று. இந்தச் சீசனில் திருகோணமலை போகிறவர்கள், கடை எது என்று தெரியவேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், அடையாளம் சொல்கிறேன். கறுவா வாங்கின கடையையும் சொல்கிறேன். அந்த மனிசன் பில் தந்தவர்.